ஐந்நூறைத் தொட்டால் வேலை வருமா?

"முதல்ல ஐந்நூறு பேரைச் சேர்த்துடு, வேலை தானா வரும்." இறுதியாண்டு மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அறிவுரை இது. அவர்களும் இரவெல்லாம் கண்விழித்து, வேலைத் தொடர்புத் தளமான லிங்க்ட்இன் காட்டும் முகங்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்புகிறார்கள். அழைப்பைப் பெறுபவர் யார், எந்தத் துறை என்று பார்ப்பதில்லை. அழைப்பை ஏற்ற மறுநிமிடமே "சார், ஒரு ரெஃபரல் ப்ளீஸ்" என்ற வரியோடு ரெஸ்யூமே போய் விழுகிறது.

இந்த அறிவுரை தவறு. பிள்ளைகளின் பெயரைக் கெடுப்பது.

ஐந்நூறு என்ற எண்ணுக்குத் தனி மகிமை எதுவும் கிடையாது. அதைத் தாண்டியவர்களின் பக்கத்தில் லிங்க்ட்இன் '500+' என்று போடுகிறது, அவ்வளவுதான். 501 பேரைச் சேர்த்தவரும் உச்சவரம்பான 30,000 பேரைச் சேர்த்தவரும் அந்த இடத்தில் ஒன்றுபோலவே தெரிவார்கள்.

எண்ணிக்கைக்காக வாதாடுவோர், சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையைத் துணைக்கு அழைப்பதுண்டு. நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் பழக்கக்காரர்கள் வழியாகவே புதிய செய்தி நம்மை எட்டும் என்றார் அவர். மறுப்பதற்கில்லை. ஆனால், பழக்கக்காரர் வேறு, முன்பின் அறியாதவர் வேறு. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, லிங்க்ட்இன் தளத்திலேயே ஐந்தாண்டுகளில் சுமார் 2 கோடிப் பேரிடம் நடந்த சோதனைகளை அலசியது. இருவருக்கும் பொதுவான நண்பர்கள் ஏறத்தாழ பத்துப் பேர் இருக்கும் உறவுகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் கைகொடுத்தன. பொது நண்பர் ஒருவர்கூட இல்லாத உறவு அந்த அளவுக்கு உதவவில்லை. கண்ணில் பட்டவரையெல்லாம் சேர்க்கச் சொல்வோர் இதைப் படிக்க வேண்டும்.

அழைப்பைக் குவிப்பதால் என்ன நேரும் என்பதற்கு லிங்க்ட்இன் நிறுவனமே சாட்சி. முன்பு ஒருவர் தம் மின்னஞ்சல் முகவரிகளைத் தளத்துடன் இணைத்தால், அதிலுள்ளவர்களுக்கு அவர் பெயரில் அழைப்பு போகும். பதில் இல்லாவிட்டால் நினைவூட்டலும் போகும். 'எங்கள் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள்' என்று அமெரிக்கப் பயனர்கள் வழக்குத் தொடுத்தார்கள். முதல் அழைப்புக்குப் பயனர் சம்மதம் இருந்தது, நினைவூட்டல்களுக்கு இல்லை என்று கருதி நீதிமன்றம் வழக்கை நடத்த அனுமதித்தது. 2015இல் 1.3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. கேட்காதவரின் வாசலை மீண்டும் மீண்டும் தட்டினால், தட்டியவர் பெயர்தான் கெடும் என்பதே அந்தப் பயனர்களின் குறை. இன்று நம் மாணவர்கள் அதையே தங்கள் கையால் செய்துகொள்கிறார்கள்.

இதில் அதிகம் அடிபடுவது முதல் தலைமுறைப் பட்டதாரிதான். பெரிய நிறுவனத்தில் அவனுக்கு மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. வெளியுலகத்துக்கு அவனிடம் இருக்கும் ஒரே வாசல் இத்தகைய தளம். எவரை அணுகுவது, எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லாத பிள்ளையிடம் போய் ஓர் எண்ணை மட்டும் இலக்காகக் கொடுப்பது அநியாயம்.

அவனுக்குச் சொல்ல வேண்டியது வேறு. சொந்தக் கல்லூரியின் பழைய மாணவர்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அழைப்போடு தான் யார், ஏன் எழுதுகிறான் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முதல் கடிதத்தில் வேலை கேட்காமல், அவர் செய்யும் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கட்டும். பதில் வந்தால் நன்றி சொல்லட்டும், வராவிட்டால் விட்டுவிடட்டும். பயிற்சி வகுப்பு நடத்தும் ஆசிரியர்களே, அடுத்த வகுப்பில் 'எத்தனை பேரைச் சேர்த்தாய்' என்று கேட்காதீர்கள். அவன் எழுதிய அந்த இரண்டு வரியை வாங்கிப் படித்துத் திருத்திக் கொடுங்கள்.