பேச்சும் பேசாமையும்

வினா ஆறு வகைப்படும் என்றும், விடை எட்டு வகைப்படும் என்றும் நன்னூலார் வகுத்துக் காட்டினார். உடன்படுவது ஒருவகை விடை. மறுப்பது ஒருவகை விடை. வினாவை வினாவாலேயே எதிர்கொள்வதும் ஒருவகை விடை. 'இது செய்வாயா?' என்று கேட்டவரிடம் 'நீயே செய்' என்று ஏவுவதும் விடையாகவே கொள்ளப்படும். பேசாதிருத்தல் மட்டும் அவ்வெட்டனுள் இல்லை. ஆயினும், அன்றாட வாழ்வில் மனிதர் பலகாலும் எதிர்கொள்ளும் விடை அதுவன்றோ?

பேச்சுக்குப் பேசுபவர் மட்டும் போதார். புதுக்கோட்டைச் சீமையின் சிற்றூர்த் திண்ணையில் பாட்டி கதை சொல்லத் தொடங்கினால், பேரன் 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும், 'தூங்கிவிட்டாயா?' என்ற வினா எழும். அவ்வோசை பொருளற்றதன்று. 'கேட்கிறேன், மேலே சொல்' என்பதே அதன் பொருள். சொல்பவரின் முறையைப் பறிக்காமலே கேட்பவர் கதையில் பங்கு கொள்ளும் அருமையான ஏற்பாடு இது. தொலைபேசியில் மறுமுனை சிறிது அடங்கினாலும் 'கேட்கிறதா?' என்று பதறுவதும் இதனாலேயே.

ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி மிகச் சிறிது. உலகின் பத்து மொழிகளை ஆராய்ந்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அது சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கே எனக் கண்டது. உடன்பாட்டு விடை விரைந்து வருகிறது. மறுப்போ சற்றே தாமதிக்கிறது. எனவே தயங்கும் வாய், சொல் பிறக்குமுன்பே ஏதோ சொல்லிவிடுகிறது.

வகுப்பறையில் இவ்விரைவு தீங்காகவும் முடியும். ஆசிரியர்கள் வினா எழுப்பிய பின் ஒரு நொடியளவே காத்திருக்கின்றனர் என்பதை மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் எடுத்துக் காட்டினார். மூன்று நொடி பொறுத்தபோது மாணவர் விடைகள் நீண்டன. விடையே கூறாதோர் தொகையும் குறைந்தது. அறியாமை என்று எண்ணப்பட்ட மௌனத்துள் ஒரு பகுதி, எண்ணிப் பார்க்க நேரமின்மையே.

'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்பர். இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. சித்தன்னவாசலின் கற்படுக்கைகளில் தங்கிய சமண முனிவரைப் போன்றோர்க்கு மௌனம் தாமே மேற்கொள்ளும் நோன்பு. திருமணப் பேச்சின்போது தலைகுனிந்து நிற்கும் பெண்ணின் மௌனமோ பிறர் விதித்தது. பேசினால் 'வாயாடி' எனப் பழிக்கும் ஊர், பேசாவிடில் இசைந்தாள் என்று முடிவு கட்டுகிறது. இஃது எவ்வகை நீதி? சம்மதம் வேண்டுவோர் கேட்டறிதலே முறை. கேட்டபின் காத்திருத்தலும் முறை.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி மன்னர் கல்லூரியில் சேர முயன்றபோது, ஆண்களோடு ஒரு பெண் அமர்ந்து பயில்வதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடமளித்தார். அமர்வதற்கே தடை கண்ட அவர், பின்னர் மருத்துவராகி, 1927இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராக அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்க வாதாடினார்.

1990களின் தொடக்கத்தில் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றனர். கேலிச் சொற்கள் வழியெங்கும் எழுந்தன. அவர்கள் வண்டியை நிறுத்தவில்லை. நன்னூலாரின் எட்டு விடைகளுள் அதனை எதில் அடக்குவது?