நாயைத் திட்டும் முன் சங்கிலியைப் பாருங்கள்

உழவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு மழையில் தொடங்கி, விலை, காட்டுப்பன்றி, மயில் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் நாயில் வந்து நிற்கிறது. "ராத்திரி முழுக்கக் குலைச்சே உசுர எடுக்குதுங்க." "கோழிக்குஞ்சு ஒண்ணு விடறதில்லை." "நேத்துப் போட்ட பாத்தி, காலையில பாத்தா குழி." "பால்காரரு தோட்டத்துக்குள்ளயே வரமாட்டேங்கறாரு." இப்படி ஆளுக்கொரு குறை. முடிவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "நாய் சரியில்லைங்க, வேற குட்டி பாக்கணும்."

இதே நண்பர்களிடம் கத்தரியில் பூச்சி விழுந்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "செடி சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். தழைச்சத்து கூடிப்போச்சா, மண்ணில் மட்கு இருக்கா, வரப்பில் தட்டைப்பயறும் ஆமணக்கும் போட்டீங்களா என்று காரணத்தைத் தேடுவார்கள். பூச்சியை அறிகுறியாகப் பார்க்க இயற்கை வேளாண்மை நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. நாய் விசயத்தில் மட்டும் நாம் இன்னும் மருந்தடிக்கிற விவசாயியாகவே இருக்கிறோம். குரைத்தால் கல், தோண்டினால் தடி, கடித்தால் சங்கிலி. என் கருத்து இதுதான்: நாயின் குற்றம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, நாம் அதை வளர்க்கும் முறையின் அறிகுறி.

கட்டிப்போட்ட காவல்

பல தோட்டங்களில் நாய்க்கு உலகம் என்பது ஆறடிச் சங்கிலிதான். விடிந்ததில் இருந்து இருட்டும் வரை அதே வேப்பமரம், அதே தட்டு. ஓடவும் மோந்து பார்க்கவும் பிறந்த உயிர் அது. கண்ணெதிரே ஆள் போகிறார், ஆடு போகிறது, வண்டி போகிறது. எதையும் கிட்டப்போய்ப் பார்க்க வழியில்லை. அந்தத் தவிப்பு குரைப்பாக வருகிறது. தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் தன் வேலை முடிந்து போனது நாய்க்குத் தெரியாது. 'நான் குரைச்சேன், அவன் ஓடிட்டான்' என்பதுதான் அதன் கணக்கு. இந்தப் பாடம் தினமும் நடக்கிறது. ஒருநாள் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே, குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டிக் கிடக்கும் நாயை நடக்க விடாமல் வைப்பதையும் குற்றம் என்கிறது. சட்டத்துக்காக வேண்டாம், காவலுக்காகவாவது அவிழ்த்து விடுங்கள். காலையும் மாலையும் மடை பார்க்கப் போகும்போது கயிற்றோடு கூட்டிப் போங்கள். வேலியை ஒட்டி ஒரு சுற்று வந்தால் எது நம் எல்லை என்று அதற்குப் பழகிவிடும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு மரங்களுக்கு இடையே கம்பி இழுத்து, அதில் வளையம் மாட்டி, நாய் நீளவாக்கில் ஓடும்படி கட்டுங்கள். நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ராத்திரி குரைப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. பன்றி வந்தாலும் ஆள் வந்தாலும் குரைப்பது அதன் வேலை. கட்டிலில் படுத்தபடியே "ஏய், சும்மா இரு" என்று நாம் கத்தினால், எசமானும் கூடச் சேர்ந்து குரைக்கிறார் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். எழுந்து போய், அது பார்க்கும் திசையில் டார்ச் அடித்துப் பாருங்கள். "சரி, போதும்" என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். வாயை மூடிய நொடியில் ஒரு துண்டு கருவாடு கொடுங்கள். தினமும் அதே சொல், அதே வரிசை. சில வாரங்களில் அந்தச் சொல்லுக்கே அடங்கும்.

கோழியும் நாயும்

கோழியைப் பிடித்த நாயை அடித்து, செத்த கோழியை மூக்கில் தேய்த்து, "இனி தொடுவியா?" என்று கேட்பது ஊர் வழக்கம். அடி விழும் நேரத்தில் என்ன நடக்கிறதோ அதோடுதான் நாய் அடியைச் சேர்த்துப் பார்க்கும். ஒருமணி நேரம் முன்னால் பிடித்த கோழியோடு சேர்க்காது. அப்போது எதிரில் இருப்பது நாம்தான். ஆகவே அது கற்றுக்கொள்வது நம்மைக் கண்டு பயப்படுவதை மட்டுமே. தலையைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்த்து "தப்பு தெரியுது பாருங்க" என்கிறோம். அது நம் முகத்தைப் பார்த்து வந்த பயம்.

இனத்தையும் பார்க்க வேண்டும். ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளியானது, நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மூன்றும் ஓடும் விலங்கைத் துரத்திப் பிடிக்கவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவை. அவற்றை மேய்ச்சல் கோழிகளுக்கு நடுவே விட்டுவிட்டு 'துரத்தாதே' என்றால் எப்படி? கரிசலுக்கான விதையைச் செம்மண்ணில் போட்டுவிட்டு விளையவில்லை என்பது போலத்தான். சிறு தோட்டத்துக்குப் பெயரில்லாத நம்ம ஊர் நாயே பல நேரம் பொருத்தம்.

கிடை போடும் கீதாரிகளைப் பாருங்கள். அவர்களுடைய நாய்க்குட்டி ஆடுகளுக்கு நடுவிலேயே பிறந்து, அங்கேயே தூங்கி வளர்கிறது. ஆடு அதற்கு இரையாகத் தெரிவதில்லை. அதையே நாமும் செய்யலாம். குட்டியாக வந்த முதல் வாரத்திலிருந்தே, கோழி மேயும் நேரத்தில் கயிற்றைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார வையுங்கள். கோழியை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்தால் உடனே தீனி. தினம் பத்து நிமிடம் போதும். வளர்ந்த நாய்க்கும் இதே முறைதான், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். கொன்று தின்று ருசி கண்ட நாயை முழுசாக நம்ப முடியாது. அங்கே பயிற்சியோடு நல்ல வேலியும் வேண்டும்.

பாத்தியைத் தோண்டினால்

இது குறிப்பாக நமக்கான சிக்கல். ரசாயன உரம் போட்ட வயலை நாய் மோந்துகூடப் பார்க்காது. நாமோ மீன் அமிலம் ஊற்றுகிறோம், எலும்புத்தூள் போடுகிறோம். நாயின் மூக்குக்கு அது விருந்து. போட்டதும் மண்ணோடு நன்றாகக் கலந்து மூடாக்கு போடுங்கள். வாசம் அடங்கும்வரை முள்ளை வெட்டிப் பரப்புங்கள். ஆமணக்குப் புண்ணாக்கு போடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதில் ரிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. எலும்புத்தூளோடு கலந்தால் நாய் விரும்பித் தின்னும். வாந்தி, ரத்தக் கழிச்சல் கண்டு செத்தும் போகும். மூட்டையை எட்டாத இடத்தில் கட்டி வையுங்கள். தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்கு அடியில் கட்டினாலும் நாய் குழி பறிக்கும், குளிர்ச்சி தேடி. மர நிழலில் ஈர மணல் கொட்டி வைத்தால் பாத்தி தப்பும். வரப்பைத் தோண்டுகிறது என்றால் திட்டும் முன் வளை இருக்கிறதா என்று பாருங்கள். எலி பிடிக்கிற நாய்க்கு அடி கொடுப்பது நியாயமில்லை.

கடி

"வெளியாளு மூஞ்சியே பாக்காம வளத்தாத்தான் காவல் நிக்கும்" என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. நேர்மாறானது உண்மை. மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரை நாய்க்குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ, அதையெல்லாம் பயமில்லாமல் ஏற்கும். அந்த வயதில் குழந்தை, குடை பிடித்த ஆள், டிராக்டர், வேலைக்கு வருகிறவர்கள் என எல்லாவற்றையும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெரிதானதும் எல்லாமே பயம். பயந்த நாய்தான் முதலில் கடிக்கிறது. நல்ல காவல் நாய்க்கு யார் வேண்டியவர், யார் திருடன் என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைத் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்கிறது.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது 'கிட்ட வராதே' என்ற முன்னறிவிப்பு. அதை அடித்து நிறுத்தினால் அறிவிப்பு இல்லாமலே கடிக்கும். சொன்ன பேச்சு கேட்காத வெள்ளை ராஜபாளையத்துக்கு ஒருவேளை காதே கேட்காமல் இருக்கலாம். அந்த நிறத்தோடு பிறவிச் செவிடு வருவதுண்டு. முதுகுப் பக்கம் நின்று கைதட்டிப் பாருங்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி அடுத்தது, அதன்பின் ஆண்டுதோறும். யாரையாவது கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அறிகுறி வந்தபின் அந்த நோய்க்கு மருந்தில்லை.

பட்டியில் செத்த ஆடுகள்

இவ்வளவும் ஒரு தோட்டத்து விசயம் என்று நினைத்தால், காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். பட்டிக்குள் நாய்கள் கூட்டமாகப் புகுந்து ஆடுகளைக் கொன்றதும், செத்த ஆடுகளோடு உழவர்கள் சாலைக்கு வந்து போராடியதும் நாம் அறிந்ததே. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. இழப்பீடும் கிடைத்தே ஆக வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வியை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? தெருவில் முளைத்துவிடவில்லை. பெட்டைக்குட்டி வேண்டாம் என்று சாக்கில் போட்டு அடுத்த ஊர் எல்லையில் விட்டவர்கள் நம்மில் இல்லையா? 'ராத்திரி எங்கியாச்சும் போய்த் தின்னுட்டு வரும்' என்று சோறு போடாமல் அவிழ்த்து விடுகிறவர்கள் இல்லையா? சாலையோரம் கோழிக்கழிவைக் கொட்டும் கடைகளைக் கண்டும் காணாமல் போகிறோமே? பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினை சுமார் 63 நாள். ஒரு தோட்டத்து அலட்சியம் இரண்டே ஆண்டில் ஊர்ப் பிரச்சினையாகிவிடும்.

இறைச்சியில் விசம் வைப்பது தீர்வல்ல. அதைத் தின்று கீரியும் சாகும், காக்கையும் சாகும். விசமில்லா நிலத்துக்காகப் பாடுபடுகிற நாம் அதைச் செய்யக்கூடாது. தெருநாய்க்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் கடமை. வளர்ப்பு நாய்க்கு அது உரிமையாளரின் பொறுப்பு என்று 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. ஊராட்சியைக் கேள்வி கேட்கும் முன் நம் நாய்க்குச் செய்துவிட்டுக் கேட்போம். நம் மாதக் கூட்டங்களில் விதைப் பரிமாற்றம் நடத்துகிறோம். ஆண்டுக்கு ஒரு கூட்டத்தில் கால்நடை மருத்துவரை அழைத்துத் தடுப்பூசிக்கும், கருத்தடைக்குப் பெயர் பதியவும் ஏற்பாடு செய்தால் என்ன?

"ஆளே கிடைக்கறதில்லை, இதுல நாய்க்குப் பாடம் வேறயா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நான் தனியாக நேரம் கேட்கவில்லை. எப்படியும் நாம் தினமும் தோட்டத்தைச் சுற்றி வருகிறோம். அப்போது அதையும் கூட்டிப் போங்கள். அடுத்தமுறை குட்டி வாங்கப் போகும்போது "நல்ல சாதியா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், நம் தோட்டத்தில் அதற்கு என்ன வேலை, யார் பழக்குவது, பெட்டையானால் என்ன செய்வது என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் இந்த ஆண்டு குட்டி வேண்டாம். வேலியைப் பலப்படுத்துங்கள், அது போதும்.