‘டப்பாவுல’ என்றால் எத்தனை மார்க்?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் திறன் மதிப்பீடு முடிந்ததும் கட்டம் கட்டமாகக் கலர் அடித்த ஒரு தாளைப் பெற்றோர் கையில் கொடுக்கிறார்கள். கலர் அடித்த கட்டம், பிள்ளைக்குத் தெரிந்தது. வெள்ளைக் கட்டம், தெரியாதது. அந்த வெள்ளைக் கட்டங்களை நான் நம்புவதில்லை.

நம் ஊர்த் தெரபி மையங்களில் புழங்கும் வி.பி.-மேப்பையே எடுத்துக்கொள்வோம். மார்க் சண்ட்பெர்க் 2008இல் அமெரிக்காவில் வெளியிட்டது. மொத்தம் 170 மைல்கற்கள். அதில் ஒன்று: குழந்தை நான்கு பிரெபொசிஷன்களும் நான்கு பிரதிப்பெயர்களும் சொல்ல வேண்டும். இன், ஆன், அண்டர். ஐ, மீ, மைன் என்கிற மாதிரி.

சரி, ‘பந்து எங்கே?’ன்னு கேட்கிறீர்கள். பிள்ளை ‘டப்பாவுல’ என்கிறது. ஆங்கிலத்து ‘இன்’ நமக்குத் தனிச் சொல்லே இல்லை, சொல்லோடு ஒட்டி வரும் உருபு. அந்த உருபை அறிந்து ஒட்டியதா, முழுச் சொல்லாக மனப்பாடம் செய்ததா? ‘பையில’, ‘சட்டியில’ என்று மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். யார் பார்க்கிறார்கள்? பிரதிப்பெயர் கதை இன்னும் மோசம். ‘எனக்கு’ இல்லாமலே ‘வேணும்’ முழு வாக்கியம். ‘வந்துட்டேன்’ என்பதில் ‘நான்’ கடைசி எழுத்துகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டிசத்தில் ‘நான்’, ‘நீ’ இடம் மாறிப்போவது அடிக்கடி காண்பது. அப்படியிருக்க, தன்னைப் பற்றி ‘வந்துட்டேன்’ என்று சரியாகச் சொன்ன பிள்ளைக்கு, நான் பார்த்த ஒரு தாளில் பூஜ்யம் போட்டிருந்தது. (சண்ட்பெர்க் மேல் கோபமில்லை. அவர் ஆங்கிலத்துக்கு எழுதினார்.)

இதைக் கேட்டால், ‘ரெண்டு பேர் தனித்தனியா போட்டோம் சார், ஒரே மார்க்தான் வந்துச்சு’ என்று பதில் வரும். அது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்பது வேறு கேள்வி. எங்கள் தொழிலில் ஒரு டெஸ்ட் ஆயிரம் தடவை ஓட்டினாலும் ஆயிரம் தடவையும் ஃபெயில் ஆகும். தோண்டிப் பார்த்தால் புரோகிராம் சரி, டெஸ்ட்டில் எழுதிவைத்த விடைதான் தப்பு. தப்பான விடைத்தாளை வைத்துத் திருத்தினால் ரெண்டு பேரும் ஒத்துப்போகத்தான் செய்வார்கள்.

கருவியை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மிஷெல் டாசன், லோரான் மொட்ரோன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் வெக்ஸ்லர் அறிவுத்திறன் தேர்வில் எடுத்ததைவிட, பேச்சு தேவைப்படாத ராவன் தேர்வில் சராசரியாக 30 பர்சென்டைல் புள்ளிகள் அதிகம் எடுத்தார்கள். மற்ற குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் இல்லை. டாசனே ஆட்டிசம் உள்ளவர்.

வெள்ளைக் கட்டம் தாளோடு நிற்பதில்லை. அடுத்த மூன்று மாத இலக்கு அதுதான். பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து ‘எனக்குப் பந்து வேண்டும்’ என்று சொன்னால்தான் பந்து என்கிறார்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை அப்படிப் பேசுகிறது? அதற்கு மணிக்கணக்கில் காசு வேறு.

எந்த மொழியில் கேட்டீர்கள், பிள்ளை என்ன சொன்னது என்று கேளுங்கள். ‘டப்பாவுல’ என்பதை அப்படியே எழுதி வைத்திருந்தால் பின்னால் வேறொருவர் பார்த்து மார்க்கைத் திருத்தலாம். வெறும் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது? பிள்ளையின் சொல் ஒன்றுகூட இல்லாத தாளுக்கு மீதிப் பணம் கட்டாதீங்க என்றுதான் கேட்கிற நண்பர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.