சம்பளம் வேறு, பங்கு வேறு

அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடை பாகம் பிரிகிறது என்றால் மறுநாளே கடைவீதி முழுக்கக் காரணம் தெரிந்துவிடும்: மருமகள்கள். இந்தப் பேச்சைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன், ஒருநாளும் நம்பியதில்லை. கணக்கில் எழுதாமல் விட்டதைத்தான் அந்தப் பெண்கள் வாய்விட்டுக் கேட்கிறார்கள்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஹார்டுவேர் கடை. அப்பா ஆரம்பித்தது. காலையில் ஷட்டரைத் தூக்குவது தம்பி, இரவு பூட்டுவதும் தம்பி. அண்ணன் மத்தியானத்துக்கு மேல் வந்து கல்லாவில் உட்காருவார். பேங்க், டீலர், ஆடிட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. கல்யாணமான புதிதில் தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, மாசம் எனக்குன்னு எவ்வளவு எடுத்துக்கட்டும்?"

"என்னடா பேச்சு இது? நம்ம கடைடா. வேணுங்கிறத எடுத்துக்க."

அண்ணன் மனசாரத்தான் சொன்னார். ஆனால் கூச்சமுள்ளவன் எப்போதும் குறைவாகத்தான் எடுப்பான். அண்ணன் மகனின் இன்ஜினீயரிங் ஃபீஸ் கடைக் கணக்கிலேயே போனது. தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தபோது அவர் அண்ணன் முன்னால் போய் நின்று கேட்க வேண்டியிருந்தது. கேட்ட தொகை மறுபேச்சில்லாமல் வந்தது. இருபது வருடம் உழைத்தும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்ததே என்ற குமைச்சல் மட்டும் தம்பி வீட்டில் தங்கிவிட்டது. அடுத்த நான்கு வருடத்தில் கடை இரண்டானது.

இப்படி வாய்ப்பேச்சில் ஓடும் கடைகளை 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று பலருக்குத் தெரியாது. கூட்டாளிகளுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கடையை நடத்தியதற்காக எவருக்கும் சம்பளம் கிடையாது, லாபமும் எல்லாருக்கும் சம பங்கு என்கிறது அதன் 13-வது பிரிவு. பதினாலு மணி நேரம் நின்றவருக்கும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவருக்கும் ஒரே கணக்கு. கூட்டாளி ஒருவர் இறந்தால், வேறு விதமாக எழுதி வைத்திருந்தாலொழிய, கூட்டே கலைந்துவிடும் என்கிறது 42-வது பிரிவு. பத்திரம் இருக்கும் கடைகளிலும் அது பெரும்பாலும் பேங்கில் கரண்ட் அக்கவுண்ட் தொடங்க ஆடிட்டர் ஆபீஸில் அடித்துக் கொடுத்த நாலு பக்கம்தான். கையெழுத்துப் போட்டவர்கள் அதைப் படித்ததே இல்லை.

பிறப்பால் வருவது பங்கு. உழைப்பால் வருவது சம்பளம். தம்பி இருக்கும் இடத்தில் வெளியாள் ஒருவரை மேனேஜராக வைத்தால் என்ன கொடுப்போமோ அதை மாதாமாதம் தம்பிக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை லாபமென்று பிரிக்க வேண்டும். கடை இருக்கும் கட்டடம் அம்மா பெயரில் இருந்தால் அதற்கு வாடகையும் எழுத வேண்டும். ஒருவர் விலகினால் சரக்குக்கும் கடையின் பெயருக்கும் மதிப்புப் போடுவது யார் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். இதையெல்லாம் பேசினால் பாசம் போய்விடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அப்படிப் பேசிய வீடுகளில்தான் தீபாவளிக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவதைப் பார்க்கிறேன்.

செட்டிநாட்டு நகரத்தாருக்கு இது பழைய பழக்கம். மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பார்கள்'. அதே முகப்பு, அதே வளவு, அதே பெரிய வீடு. அடுப்பும் செலவும் மட்டும் தனி. ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. ஒருவர் மேல் ஒருவருக்கு வருத்தமே இல்லாத நாளில் நடக்கும் பிரிவு அது.

ஆனால் அந்தப் புள்ளிக் கணக்கு ஆண் வழியே போவது. பர்மாவின் மோல்மீனில் 1900-இல் தொடங்கிய, நகரத்தார் குடும்பம் ஒன்றின் முருகப்பா குழுமத்தில் அதன் விளைவைப் பார்த்தோம். 2017-இல் எம்.வி. முருகப்பன் காலமானார், அவருக்கு இரண்டு மகள்கள். குடும்பத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அவர் குடும்பத்தின் கையில் எட்டு சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தது. மூத்தவர் வள்ளி அருணாசலம், அமெரிக்காவில் அணுப் பொறியியல் படித்தவர், இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் 91 சதவீத வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. 2023 ஆகஸ்டில்தான் சமரசம் ஏற்பட்டது. பங்கு இருப்பதாலேயே பதவி வந்துவிடாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதவிக்கு யார் தகுதி, எந்த வயதில், எந்தப் படிப்போடு என்ற விதி மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாக முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பெரிய குடும்பங்களில் பேசித் தீர்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1911-இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பம், எந்தக் கிளை எந்த நிறுவனத்தை நடத்துகிறதோ அதன் உடைமையும் அந்தக் கிளைக்கே என்று 2020-இல் பேசி முடித்தது. தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு 2022 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அம்பானி சகோதரர்களுக்குத் தாய் கோகிலாபென் 2005-இல் பாகம் பிரித்துக் கொடுத்தார். இருந்தும் அண்ணன் கம்பெனி தம்பி கம்பெனிக்கு என்ன விலையில் எரிவாயு தர வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குடும்பத்துக்குள் செய்த ஒப்பந்தம் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று 2010-இல் தீர்ப்பு வந்தது. கூடத்தில் பேசியது கம்பெனியின் காகிதத்திலும் ஏற வேண்டும்.

கடைவீதிக் குடும்பங்களில் மகள்களின் நிலை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் 1989-லேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு வந்தது. அதற்கு முன் கல்யாணமாகி விடுபட்டவர்களை 2005-இன் மத்தியச் சட்டத் திருத்தம் சேர்த்துக்கொண்டது. இருந்தும் அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு, "ஒரு கையெழுத்துதாம்மா" என்று சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது நிற்கவில்லை. பிறந்த வீட்டுப் படி ஏற முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறாள். கடை என்ன மதிப்பு, கடன் எவ்வளவு, கட்டடம் யார் பெயரில், எதுவும் அவளுக்குத் தெரியாது.

அப்பாக்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் திடமாக இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன்களோடு மகள்களையும் உட்கார வைத்துக் கணக்கைப் படித்துக் காட்டுங்கள். எனக்கு வேண்டாம், தம்பிக்கே இருக்கட்டும் என்று மகள் சொல்லக்கூடும். அதைக் கணக்குப் பார்த்த பிறகு அவளே சொல்லட்டும்.