லாட்டிமருக்கு உரிய இடம் எது?

மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்று படித்திருக்கிறோம். அந்தப் பெருமை லூயிஸ் ஹோவர்டு லாட்டிமர் என்ற கறுப்பினத்தவருக்கே உரியது என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டுமே முழு உண்மையல்ல. எடிசன் 1879இல் தன் விளக்கை எரியவிடும் முன்பே, இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் கரி இழை விளக்கில் முனைந்திருந்தார். லாட்டிமர் இத்துறைக்கு வந்ததோ 1880இல்தான். மிகைப் புகழ் அவருக்குத் தேவையும் இல்லை. அவர் உண்மையில் செய்ததே போதும்.

சட்டத்தின் இரு முகங்கள்

லாட்டிமரின் பெற்றோர் ஜார்ஜ், ரெபெக்கா இருவரும் வர்ஜீனியாவிலிருந்து 1842இல் பாஸ்டனுக்குத் தப்பிவந்த அடிமைகள். ‘என் உடைமை’ என்று உரிமை கொண்டாடி வந்தவர் ஜார்ஜைக் கைதுசெய்ய வைத்தார். நகரமே கொந்தளித்தது, கடைசியில் 400 டாலர் கொடுத்துத்தான் அவரை விடுவிக்க முடிந்தது. லூயிஸ் பிறந்தது 1848இல். அவர் சிறுவனாக இருந்த 1858இல், அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை தர இயலாது என்று அமெரிக்க அட்டர்னி ஜெனரல் கருத்துரைத்தார்.

உள்நாட்டுப் போரில் கடற்படையில் பணியாற்றித் திரும்பிய லூயிஸ், பாஸ்டனில் ஒரு காப்புரிமை வழக்கறிஞர் நிறுவனத்தில் வாரம் 3 டாலருக்கு எடுபிடியாகச் சேர்ந்தார். வரைவாளர்களின் கையைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்று, தலைமை வரைவாளராக உயர்ந்தார். கிரகாம் பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைக்கான வரைபடங்களைத் தயாரித்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

உடையாத இழை

அக்கால விளக்கில் ஒளிர்ந்தது மெல்லிய கரி இழை. காகிதம் போன்ற நார்ப்பொருளை வேண்டிய வடிவில் வெட்டி, காற்றுப் புகாமல் கடும் சூட்டில் வாட்டினால் அது கரியாகும். வாட்டும்போது சுருங்கும், சுற்றியுள்ள பொருள் அதே அளவில் சுருங்காவிட்டால் இழை கோணிக்கொள்ளும் அல்லது முறிந்துவிடும். ஹிரம் மாக்சிமின் யுனைடெட் ஸ்டேட்ஸ் எலக்ட்ரிக் லைட்டிங் நிறுவனத்தில் சேர்ந்த லாட்டிமர், இழைகளை அட்டை உறைகளுக்குள் வைத்து வாட்டினார். உறையும் இழையும் ஏறக்குறைய ஒரே வீதத்தில் விரிந்து சுருங்கியதால் சேதம் குறைந்தது. 1882 ஜனவரியில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

சோதனைக்கூடத்தில் ஒரு விளக்கு எரிவது சாதனை. ஒரே தரத்தில் ஆயிரம் விளக்குகளைச் செய்வது வேறு வகை அறிவு. லாட்டிமரின் பங்களிப்பு இந்த இரண்டாம் வகை. நியூயார்க், பிலடெல்பியா, மாண்ட்ரியல் நகரங்களில் மின்விளக்கு அமைக்கும் பணிகளையும் அவர் மேற்பார்வையிட்டார்.

1884இல் எடிசன் நிறுவனத்துக்கு மாறினார். கரி இழைக் காப்புரிமைக்காக எடிசன் தரப்பு நடத்தி, 1892இல் மேல்முறையீட்டிலும் வென்ற பெரிய வழக்கில் எதிர்த்தரப்பு, லாட்டிமர் முன்பு வேலைபார்த்த அதே நிறுவனம்தான். விளக்கின் நுட்பமும் காப்புரிமைச் சட்டமும் ஒருசேரத் தெரிந்த ஒருவர் எடிசனின் சட்டப் பிரிவுக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை ஊகிக்கலாம். எடிசனின் ஒளியமைப்பை விளக்கி 1890இல் நூலும் எழுதினார். எடிசனின் பழைய சகபணியாளர்களைக் கொண்ட ‘எடிசன் பயனியர்ஸ்’ அமைப்பு 1918இல் தொடங்கப்பட்டபோது, அதில் இடம்பெற்ற ஒரே கறுப்பினத்தவர் அவர்தான்.

பங்கைப் பங்காகச் சொல்வோம்

தந்தையைச் சொத்தாகப் பார்த்த அதே நாட்டின் சட்ட ஏட்டில், மகன் கண்டுபிடிப்பாளராகப் பதிவானார். ஆனால், அந்த 1882 காப்புரிமை சம்பளம் கொடுத்த நிறுவனத்துக்கே எழுதித்தரப்பட்டது. பெயர் அவருடையது, வருமானம் முதலாளியுடையது என்ற இந்த ஏற்பாடு, இன்றும் ஆய்வுக்கூடங்களில் உழைக்கும் எண்ணற்றோரின் நிலைதான்.

எடிசனைக் கீழிறக்கி லாட்டிமரை அந்தப் பீடத்தில் ஏற்றினால், ‘தனி மேதை’ என்ற கட்டுக்கதையில் ஆள்மாறாட்டம் நடக்குமே தவிர, கதை மாறாது. பாடநூல்கள் ஸ்வானையும் எடிசனையும் லாட்டிமரையும் அவரவர் செய்த வேலையோடு ஒரே பக்கத்தில் சொல்ல வேண்டும். அறிவியல் கூட்டு உழைப்பு என்பதை மாணவர்கள் அப்போதுதான் புரிந்துகொள்வார்கள். அந்த உழைப்பில் நிறத்தால் மறைக்கப்பட்டவர்களுக்கும் நியாயம் கிடைக்கும்.