சீட் கிடைத்தால் மட்டும் போதுமா?

தமிழகத்தில் 2007 முதல் நமக்குக் கிடைத்துவரும் 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால் எத்தனையோ முஸ்லிம் வீடுகளில் முதல் பட்டதாரிகள் உருவாகியிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் இடஒதுக்கீடு கல்லூரி வாசல் வரைதான் கொண்டு சேர்க்கும். உள்ளே போன பிறகு பிள்ளை என்ன பாடுபடுகிறது என்று நாம் கவனிக்கிறோமா?

பிளஸ் டூ வரை தமிழில் படித்த பிள்ளை, பொறியியல் முதல் செமஸ்டரிலேயே கணிதத்தையும் இயற்பியலையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. புரியாததைக் கேட்கக் கூச்சம். இரண்டு அரியர் விழுந்தால் வீட்டில் சொல்லப் பயம். நாமோ, "ஃபீஸ் கட்டியாச்சா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில், கல்லூரிப் பாடத்தோடு சேர்த்தே திறன் பயிற்சியும் தரப்படுகிறது. சான்றிதழுக்காகப் பெயருக்கு முடிக்காமல், பிள்ளைகள் அதை அக்கறையோடு கற்க வேண்டும்.

மஹல்லாவிலும் ஒரு வழி உண்டு. வாரம் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு, மூத்த மாணவர்கள் புதியவர்களுக்கு மதரஸா அறையில் பாடம் சொல்லித் தரலாம். மாணவிகளுக்குப் பகலில் தனி நேரம் ஒதுக்கலாம். ஃபீஸுக்கு உதவும் ஜமாஅத்தார், முதல் செமஸ்டர் ரிசல்ட்டையும் அன்போடு விசாரிக்கட்டும். தோற்ற பாடத்துக்கு உடனே உதவி கிடைத்தால் படிப்பு பாதியில் நிற்காது.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.