பச்சைக் கம்பி எங்கே?

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பழைய வீடுகள் இன்னும் உண்டு. கூரையில் மரச்சட்டம், அதன்மேல் ஓடுவது இரண்டே கம்பி. 1947 வரை சென்னைக்கு மின்சாரம் தந்தது ஒரு தனியார் கம்பெனி. அந்தக் காலத்து விளக்கு வயரிங் பலவற்றில் 'எர்த்' கம்பியே கிடையாது.

இப்போது இந்த வீடுகளுக்குப் புது வயர் போடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால், "லைட்டுக்கு எதற்கு எர்த்?" என்று சொல்லி, பச்சை வயரை மட்டும் விட்டுவிடுகிறார்கள். மிச்சமாவது கொஞ்சம் பணம்!

கூடத்தில் தாத்தா காலத்துப் பித்தளை விளக்கு தொங்குகிறது. உள்ளே வயரின் ரப்பர் உறை உதிர்ந்து, 230 வோல்ட் மின்சாரம் பித்தளையில் ஏறிவிட்டது. விளக்கோ எப்போதும்போல் எரியும். பொங்கலுக்கு ஏணியில் ஏறித் துடைப்பவர் கதி? எர்த் இருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்கு ஓடும், பியூஸ் போகும். போகட்டுமே!

சில வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அன்று அது முழுவதும் இரும்பு. இன்று நடுவே பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்டது. மின்சாரம் மண்ணுக்குப் போகாமல் குளியலறைக் குழாயில் வந்து நிற்கும்!

ஆகவே தனியாக எர்த் குழி போடச் சொல்லுங்கள். கோடையில் மண் காய்ந்தால் பியூஸ் போகாமலும் இருக்கலாம். அதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மின்சாரம் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்திவிடும். வேலையை லைசென்சு உள்ளவரிடமே கொடுங்கள். பச்சை வயரை நியூட்ரலோடு முடிந்துவிட்டு, "இதுவும் எர்த்துதான்" என்று யாராவது சொன்னால், அவரை அனுப்பிவிடுங்கள்.